முட்டைக்கோழியின் குடல் தாது உப்பைக் கணக்கெடுக்கும் விதம்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓடு மெலிந்து உடைசல் கூடினால், பண்ணையில் முதல் காரியம் தீவன மில்லுக்குப் போன் போடுவதுதான். "டன்னுக்குப் பத்து கிலோ சுண்ணாம்புக்கல் கூடப் போடுங்க" என்பார்கள். சில நேரம் அது கேட்கும். பல நேரம் கேட்காது. ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தால் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

நாமக்கல் பக்கம் தீவனக் கணக்குப் போடும் வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். மேலே போட்டால் உள்ளே சேரும், குடல் ஒரு குழாய் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. கோழிக் குடல் அப்படி வேலை செய்வதில்லை. உள்ளே வரும் தாதுவின் அளவுக்கும் உடம்பின் தேவைக்கும் ஏற்ப, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அது மாற்றிக்கொண்டே இருக்கிறது. கால்சியம் குறைந்தால் உறிஞ்சும் புரதங்கள் கூடும், மிகுந்தால் குறையும். நாம் போடுவது ஒரு கணக்கு, கோழி எடுப்பது இன்னொரு கணக்கு. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் தீவனத்தில் எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது பிடிபடும்.

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள், பண்ணை சூப்பர்வைசர்கள், தீவன மில்லில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மரபணு என்ற சொல்லைப் பார்த்து யாரும் ஒதுங்க வேண்டாம். பள்ளிக்கூட உயிரியல் போதும்.

முதல் படி: ஒரு முட்டையின் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

60 கிராம் முட்டையில் ஓடு ஏறக்குறைய 6 கிராம். அதில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் கால்சியம். ஆக, ஓர் ஓட்டுக்குச் சுமார் 2.2 கிராம் கால்சியம் போகிறது. அந்தக் கோழியின் உடம்பு முழுவதையும் சேர்த்தாலே இருப்பது 20 கிராம் அளவுதான், அதுவும் பெரும்பாலும் எலும்பில். உடம்பில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கை அது அநேகமாகத் தினமும் எடுத்துக் கொடுக்கிறது. வருடத்துக்கு 300 முட்டை என்று வைத்தால் 660 கிராம். தன் உடம்பில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கு மேல்! இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்றரைக் கிலோ பறவை மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வரவுப் பக்கம் பாருங்கள். நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு 3.8 சதவீதக் கால்சியம் உள்ள தீவனம் கொடுத்தால் 4.2 கிராம் உள்ளே போகிறது. அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால்தான் ஓட்டுக்குக் கட்டும். சித்திரை வெயிலில் அதே கோழி 90 கிராம்தான் தின்கிறது என்றால் வரவு 3.4 கிராமாக இறங்கிவிடும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்று எழுதிப் பழகுங்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணை, 100 கிராம் தின்னும் வெள்ளை முட்டைக்கோழிக்கு 3.25 சதவீதக் கால்சியமும் 0.25 சதவீத ஃபைட்டேட் அல்லாத பாஸ்பரஸும் (ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் சிக்காத பாஸ்பரஸ்; ஆறாம் படியில் வரும்) என்று சொல்கிறது. இன்றைய இனங்கள் அப்போதைவிட அதிகம் இடுகின்றன. அதனால் அந்த இனத்தை வளர்க்கும் நிறுவனத்தின் கையேட்டில் எண் அதைவிடக் கூடுதலாக இருக்கும். கையேட்டையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் படி: குடலுக்குள் இரண்டு வழிகளைப் பிரித்துப் பாருங்கள்

தீவனம் கழுத்துப் பையில் தங்கி, அமிலம் சுரக்கும் இரைப்பையையும் அரைவைப் பையையும் கடந்து, முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று போகிறது. அமிலத்தில் கரைந்த கால்சியம் முன், நடுச் சிறுகுடல்களில்தான் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது.

அங்கே அதற்கு இரண்டு வழிகள். ஒன்று செல்லின் ஊடாக. குடலுறிஞ்சிகளின் மேல் உள்ள செல்லுக்குள் ஒரு வாயில் வழியாகக் கால்சியம் நுழைகிறது, உள்ளே ஒரு புரதம் அதைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோகிறது, அங்கே ஒரு பம்பு ஆற்றல் செலவழித்து அதை ரத்தப் பக்கம் தள்ளுகிறது. நடுவில் சுமந்து செல்லும் புரதத்தின் பெயர் கால்பைண்டின். 1966-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாஸர்மனும் டெய்லரும் இதைக் கோழிக்குஞ்சின் குடலில்தான் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் டி இல்லாத குஞ்சின் குடலில் அது இல்லை, வைட்டமின் கொடுத்ததும் தோன்றியது. தீவனத்தில் உள்ள ஒரு பொருள் குடலில் ஒரு புரதத்தை வரவழைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்று செல்களுக்கு இடையில். அடுத்தடுத்த செல்களை ஒட்டிவைக்கும் இணைப்புகளில் கிளாடின் போன்ற புரதங்கள் உள்ளன. கால்சியம் குடலுக்குள் நிறையக் கரைந்து நிற்கும்போது இந்த இடுக்கு வழியாகவும் ரத்தப் பக்கம் போகும். இதற்கு ஆற்றல் தேவையில்லை, செறிவு வேறுபாடு போதும். பிரான்சின் இன்ரே ஆய்வு நிறுவனத்தினர் முட்டைக்கோழிகளில் இரு வழிகளின் மரபணுக்களையும் பார்த்து, இந்த இரண்டாம் வழிக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். பழைய பாடநூல்கள் முதல் வழியை மட்டுமே விரிவாகச் சொல்லும். நீங்கள் இரண்டையும் நினைவில் வையுங்கள். ஏனென்றால் குடல் புண்பட்டால், அது ரத்தக்கழிச்சலாலோ பூஞ்சை நஞ்சாலோ எதனாலும் ஆகட்டும், இரண்டு வழியுமே கெடும். அப்போது கல்லைக் கூட்டிப் பயனில்லை.

மூன்றாம் படி: சாவி எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல் படியுங்கள்.

ரத்தத்தில் அயனிக் கால்சியம், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம், கொஞ்சம் இறங்கினாலும் கழுத்தடியில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அதை உடனே உணரும். அதன் ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போகும். தீவனத்தில் வந்த வைட்டமின் டி3 கல்லீரலில் ஒரு மாற்றம் அடைந்து ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் அதில் இரண்டாவது மாற்றத்தைச் செய்து கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவமாக்குகிறது. இந்தக் கால்சிட்ரியால் குடல் செல்லுக்குள் நுழைந்து வைட்டமின் டி ஏற்பி என்ற புரதத்தில் உட்காரும். ஏற்பி இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசை உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மரபணு விழித்துக்கொண்டு தூது ஆர்.என்.ஏ. எழுதத் தொடங்கும், அதிலிருந்து கால்பைண்டின் போன்ற புரதங்கள் உருவாகும். கூடவே, கால்சிட்ரியாலை உடைக்கும் நொதியின் மரபணுவும் விழிக்கிறது. ஆக, திறக்கும் கையே பூட்டுவதற்கும் ஏற்பாடு செய்கிறது.

இப்போது பண்ணைக்கு வாருங்கள். தீவனத்தில் கால்சியத்தை ஒரேயடியாகக் கூட்டினால் ரத்தக் கால்சியம் நிறைந்து பாராதைராய்டு அமைதியாகும், கால்சிட்ரியால் இறங்கும், கால்பைண்டினும் குறையும். கோழி எடுக்கும் விகிதம் சரியும். மிச்சம் எச்சத்தில் போகும். கால்சியம் குறைந்த தீவனம் தின்னும் கோழி, கிடைத்ததில் பெரிய பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காக நிரந்தரமாகக் குறைத்துக் கொடுக்கலாமா? கூடாது. ஓட்டின் தேவை அவ்வளவு பெரியது. எலும்பிலிருந்து எடுத்து எடுத்து, கடைசியில் கூண்டிலேயே எழுந்து நிற்க முடியாமல் போகும். கூண்டுக்கோழித் தளர்ச்சி என்பது அதுதான்.

வைட்டமின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பறவைகளுக்கு டி2 வடிவம் சரியாகப் பயன்படாது, டி3-தான் வேண்டும். பிரீமிக்ஸ் (தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் கலவை) வாங்கும்போது லேபிளில் டி3 என்று இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். வெயிலில் தகர ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்த மூட்டையில் வைட்டமின் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? சாவி தேய்ந்துபோனால் கால்சியம் எவ்வளவு இருந்தும் பூட்டு திறக்காது. கல்லீரல் கெட்டாலும் முதல் மாற்றம் தடுமாறும். மழைக்காலத்து மக்காச்சோளத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தப் பரிசோதனை எடுத்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் மொத்தக் கால்சியம், இடாத கோழியைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். மஞ்சள்கருவுக்குப் போகும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கால்சியம் அது. மொத்த அளவைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அயனிக் கால்சியம் பார்த்தால்தான் அர்த்தம்.

நான்காம் படி: வயதைப் பார்த்து மாற்றுங்கள்

முட்டையிடத் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு ஈஸ்ட்ரோஜன் ஏறும். அப்போது தொடை, கால் எலும்புகளின் உள்கூட்டில் மஜ்ஜை எலும்பு என்ற தனி வகை எலும்பு உருவாகும். இரவில் ஓட்டுக்குக் கடன் கொடுக்கும் சேமிப்பு அது. குடலிலும் இதே நேரத்தில் கால்பைண்டின் பல மடங்கு கூடுகிறது. கோழி தன் குடலை முட்டையிடும் குடலாக மாற்றிக்கொள்ளும் காலம் இது.

அதனால் அந்த இரண்டு வாரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதக் கால்சியம் உள்ள பிரீ-லேயர் தீவனம் கொடுங்கள். அதற்கு முன் வளர்கோழித் தீவனத்தில் 1 சதவீதம் போதும். ஒரு பண்ணையில் குரோயர் மாஷ் (வளர்கோழித் தீவனம்) தீர்ந்துவிட்டது என்று 12 வாரக் கோழிகளுக்கு லேயர் மாஷ் (முட்டையிடும் கோழிக்கான தீவனம்) போட்டார்கள். நாலு நாளைக்குத்தானே என்று நானும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். நாலு நாள் மூன்று வாரமானது. பின்னால் இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் வீங்கி, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமில உப்பு படிந்திருந்தது. தேவையில்லாத வயதில் வந்த கால்சியத்தைக் குடல் முழுவதுமாகத் தடுக்க முடியாது. உள்ளே போனதைச் சிறுநீரகம்தான் சுமக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் நான் பேசியிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆய்வுத் தொகுப்பில் இந்த வயது விஷயத்தை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். லோமன் பிரவுன், லோமன் எல்.எஸ்.எல். என்ற இரண்டு இனங்களை எடுத்து, 10, 16, 24, 30, 60 ஆகிய வாரங்களில் ஒப்பிட்டார்கள். கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குறைத்துக் கொடுத்தும் பார்த்தார்கள். டும்மர்ஸ்டார்ஃப் ஊரில் உள்ள பண்ணை விலங்கு உயிரியல் நிறுவனத்தினர் குடலின் தூது ஆர்.என்.ஏ.க்களோடு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் ஆராய்ந்தார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட குட்டித் துண்டு. அது புரதம் எதையும் தருவதில்லை. தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. மேல் ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தணிக்கிறது. 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் டி ஏற்பியை விளக்கின் சுவிட்ச் என்று வைத்துக்கொண்டால், மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு மாதிரி. நம் பண்ணைகளில் பரவலாக உள்ள பி.வி.300 இனத்தின் குடல் இந்த ஜெர்மன் இனங்களைப் போலவே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கட்டுரை படிக்கும்போது எந்த இனம், எத்தனை வாரம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரவை நினைத்துக் கல்லைத் தேர்ந்தெடுங்கள்

காலை 8 மணிக்கு முட்டையிட்ட கோழியில் அரைமணி நேரத்தில் அடுத்த மஞ்சள்கரு சூலகத்திலிருந்து வெளிவரும். வெள்ளைக்கரு, சவ்வு எல்லாம் சேர்ந்து, மதியம் ஒரு மணி வாக்கில் ஓட்டுச் சுரப்பியை அடையும். அங்கே இருபது மணி நேரம் போல இருக்கும். ஓடு வேகமாகப் படிவது சாயங்காலம் தொடங்கி விடியும் வரை. விளக்கு அணைந்து கோழி தின்னாமல் இருக்கும் நேரம் அதில் பெரும்பகுதி. ஓடு உருவாகும் நேரத்தில் குடலின் உறிஞ்சும் திறன் கூடுகிறது. ஆனால் குடலுக்குள் கால்சியம் இருந்தால்தானே உறிஞ்சும்? இல்லையென்றால் மஜ்ஜை எலும்பைக் கரைக்கும்.

இங்கேதான் கல்லின் அளவு வருகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து ஓடிவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லோ கிளிஞ்சலோ அரைவைப் பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குடலுக்கு வந்துகொண்டிருக்கும். மொத்தச் சுண்ணாம்புக்கல்லில் பாதியாவது இப்படிப் பருமனாக இருக்கட்டும். கோழிக்கு வயது கூடக் கூட மூன்றில் இரண்டு பங்குக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு கோடையில் தோல்முட்டை (ஓடு படியாமல் சவ்வோடு வரும் முட்டை) அதிகம் என்று கூப்பிட்டார்கள். தீவனத்தைச் சோதனைக்கு அனுப்பினால் கால்சியம் சரியாக 4 சதவீதம். வைட்டமினும் குறையில்லை. மதியம் போய் நின்று பார்த்தேன். தீவனத் தொட்டி இரண்டு மணிக்கே காலி, அடியில் கல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மாவு. பருமனான கல்லுக்கு மாற்றி, நாளின் தீவனத்தில் பாதிக்கு மேல் மதியத்துக்குப் பிறகு விழும்படி செய்தோம். சதவீதத்தைத் தொடவே இல்லை. இரண்டு வாரத்தில் ஓடு தேறியது. அதனால் புதியவர்களிடம் சொல்வேன்: சோதனை அறிக்கையைப் படிப்பதற்கு முன் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாயைத் திறந்து இளைக்கும் கோழி கார்பன் டை ஆக்சைடை அதிகம் இழக்கிறது. ஓட்டில் கால்சியத்தோடு சேர வேண்டிய பைகார்பனேட்டு அதனால் குறைகிறது. அப்போது ஓடு மெலிவதற்குக் காரணம் குடலில் இல்லை. குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டம், சோடா உப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: பாஸ்பரஸை அளந்து போடுங்கள்

மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு ஆகியவற்றில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. கோழியால் அதை நன்றாக உடைக்க முடியாது. ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் உடையும். 1990-களின் தொடக்கத்தில் இந்த நொதி சந்தைக்கு வந்த பிறகுதான், பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டை கால்சியம் பாஸ்பேட்டின் அளவு தீவனங்களில் இறங்கியது.

பாஸ்பரஸ் குறைந்தால் குடலில் சோடியத்தோடு சேர்த்துப் பாஸ்பேட்டை இழுக்கும் கடத்தியின் மரபணு கூடுவதைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கால்சிட்ரியாலும் அதைத் தூண்டும். கால்சியமும் பாஸ்பரஸும் ஒரே சாவிக்கொத்தில் இருக்கின்றன. ஒன்றை இழுத்தால் மற்றது ஆடும். கால்சியத்தை மிகக் கூட்டினால் அது ஃபைட்டேட்டோடு சேர்ந்து கரையாத கட்டியாகி, ஃபைட்டேஸின் வேலையையும் கெடுக்கும். பாஸ்பரஸை மிகக் கூட்டினாலும் ஓடு மெலியும். ஆகவே நொதி சேர்க்கும்போது, அது விடுவிக்கும் பாஸ்பரஸைக் கழித்துவிட்டுத்தான் டை கால்சியம் பாஸ்பேட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் முழு அளவில் போடுவது பணத்தையும் ஓட்டையும் சேர்த்து இழப்பது.

ஏழாம் படி: நுண் தாதுக்கள்

துத்தநாகத்தின் கதை அழகானது. குடல் செல்லுக்குள் துத்தநாகம் மிகும்போது எம்.டி.எஃப்.1 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குப் போய் மெட்டலோதயோனின் மரபணுவைத் தூண்டும். மெட்டலோதயோனின் உபரித் துத்தநாகத்தைக் கட்டிவைக்கும். செல் மடிந்து உதிரும்போது அதுவும் எச்சத்தில் போகும். கோழியில் குடலுறிஞ்சியின் மேலுறைச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. ஆகவே இது நல்ல வடிகால். ஆனால் மெட்டலோதயோனின் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். துத்தநாகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் செம்பு குடலிலேயே சிறைப்பட்டுப்போகும். ஓட்டின் அடியில் உள்ள சவ்வு நார்களைப் பின்னும் நொதிக்குச் செம்பு வேண்டும். பைகார்பனேட்டு செய்யும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை இழக்கக் கூடாது.

மாங்கனீசு, ஓடு படியத் தொடங்கும் அடித்தளத்துக்குத் தேவை. குடலில் இரும்பும் மாங்கனீசும் ஒரே கடத்தியைப் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் இரும்பு மிகுந்தால் மாங்கனீசு பின்தங்கும். செலினியம் குறைந்தால் அதைக் கொண்டு உருவாகும் நொதிகளின் தூது ஆர்.என்.ஏ.வே சிதைந்து குறையும்.

அமினோ அமிலத்தோடு சேர்த்த கீலேட் தாதுக்கள் நல்லவைதாம், ஃபைட்டேட்டிடம் சிக்குவது குறைவு. ஆனால் கல்லின் அளவும் தீவன நேரமும் சரியாகாத பண்ணையில் அவற்றுக்குப் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை.

எட்டாம் படி: குடல் மரபணுவை நேரில் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு

இந்தப் படி ஆய்வகம் உள்ளவர்களுக்கு. முதலில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் ஒரு கோழியையும் தொடக் கூடாது.

ஒரே கூண்டில் நான்கு கோழிகள் ஒரே தொட்டியில் தின்றால், உங்கள் கணக்கில் அது நான்கு அல்ல, ஒன்று. தீவனம் கூண்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது. இதை மறந்துவிட்டு கோழிகளை எண்ணிப் புள்ளிவிவரம் போட்டால் இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும்.

மாதிரி எடுக்கும் நேரம் எல்லாக் கோழிகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். கடிகார நேரம் மட்டும் போதாது, முட்டையிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறியுங்கள். அறுத்ததும் ஓட்டுச் சுரப்பியில் முட்டை இருக்கிறதா, ஓடு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். தீவனத்தால் வந்த மாற்றம் எது, முட்டைச் சுழற்சியால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க வேறு வழியில்லை.

குடலின் எந்த இடம் என்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முன்சிறுகுடல் என்றால் கணையத்தை அணைத்திருக்கும் வளைவில் இத்தனை சென்டிமீட்டர் தள்ளி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். குளிர்ந்த உப்புக் கரைசலில் கழுவி, உட்சளிப்படலத்தைக் கண்ணாடித் தகட்டால் சுரண்டி எடுங்கள். தசையோடு சேர்த்து எடுத்தால் உறிஞ்சும் செல்லின் ஆர்.என்.ஏ. நீர்த்துப்போகும். சில நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனிலோ ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலிலோ போட வேண்டும். குடல் செரிக்கும் உறுப்பு, தன் ஆர்.என்.ஏ.வையும் அது வேகமாகச் சிதைத்துவிடும். பிறகு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

அளப்பதற்கு, மரபணுத் துண்டைப் பெருக்கி அளவிடும் நிகழ்நேர பி.சி.ஆர். முறை போதும். தூது ஆர்.என்.ஏ.வின் அளவைப் பாதிப்படையாத வேறு மரபணுக்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பீட்டா ஆக்டின் என்ற ஒப்பீட்டு மரபணு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதித்து, உங்கள் தீவனச் சிகிச்சைகளில் அவை நிலையாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு எடுங்கள். கோழியின் மரபணுத் தொகுதியின் வரைவு 2004-இலேயே வெளிவந்துவிட்டதால் வரிசைகள் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முடிவை எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். கால்பைண்டினின் தூது ஆர்.என்.ஏ. இரண்டு மடங்கு கூடியது என்றால், கால்சியம் இரண்டு மடங்கு உறிஞ்சப்பட்டது என்று பொருளில்லை. தூது கூடலாம், புரதம் கூடாமல் இருக்கலாம். புரதம் கூடலாம், குடலுக்குள் கரைந்த கால்சியம் இல்லாமல் இருக்கலாம். மரபணு அளவோடு எலும்புச் சாம்பல், ஓட்டு எடை, எச்சத்தில் போன கால்சியம் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: ஆய்வகம் இல்லாதவர்கள் பண்ணையில் செய்யக்கூடியது

ஒரே பேட்ச், ஒரே ஷெட், ஒரே அடுக்கில் இரண்டு வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் எதையும் மாற்ற வேண்டாம். மற்றதில் ஒன்றை மட்டும், உதாரணமாகக் கல்லின் பருமனை மட்டும் மாற்றுங்கள். வைட்டமினையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது கேட்டது என்று தெரியாது.

இரண்டு வரிசையிலும் தினம் முப்பது முட்டைகள் எடுங்கள். எடை போட்டு, உடைத்து, ஓட்டைக் கழுவி, சவ்வோடு நிழலில் நன்கு காயவைத்து மறுபடி எடை போடுங்கள். ஓட்டு எடையை முட்டை எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் 9 முதல் 10 வரை வர வேண்டும். 8-க்குக் கீழே போனால் கவலைப்படலாம். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். பக்கத்திலேயே அன்றைய உச்ச வெப்பம், கோழி ஒன்று தின்ற தீவனம், சாயங்காலம் தொட்டியில் மிஞ்சியது ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

முதல் மூன்று நாள் எண்களைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய தீவனத்துக்குப் பழகிய குடல் செல்கள் உதிர்ந்து, புதிய தீவனத்தைப் பார்த்த செல்கள் அந்த இடத்துக்கு வர வேண்டும், கரைந்த மஜ்ஜை எலும்பும் நிறைய வேண்டும். இரண்டு வாரம் ஓடட்டும். அதற்குள் மில்லிலிருந்து போன் வந்தால், இந்த இரண்டு வரிசைக்கும் எதையும் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.